முப்பத்தெட்டு மூட்டையும் நான்கு சக்கரமும்

எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் முழுதாகச் சொன்னால் நம்புவதில்லை. அதனால் நான் பாதியைத்தான் சொல்வது வழக்கம். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தபின் கால் வைத்தால் மண் காலை விடாது. காலை விட்டாலும் செருப்பை விடாது. தெற்குவெளி வண்டிப்பாதையை ஒரு கோழி குறுக்கே கடந்ததை நானே பார்த்தேன். இறங்கும்போது கோழியாகத்தான் இறங்கியது. காலில் மண் ஒட்டி ஒட்டி, மறுபக்கம் ஏறும்போது கொக்கு உயரம் இருந்தது. கிராம உதவியாளர் ஒருவர் அதே பாதையில் செருப்பைத் தேடிக் குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது பணி ஓய்வு ஆகியிருந்தது. இதெல்லாம் கிடக்கட்டும். வேல்முருகன் தன் பிக்கப்புக்குச் சக்கரம் மாற்றிய கதையில் எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

குன்னத்திலிருந்து அரியலூர் போகும் வழியில் எங்கள் ஊர். வேல்முருகனின் அப்பா அய்யம்பெருமாளும் அம்மா இருசம்மாளும் ஆயுசில் முக்கால்வாசியை அன்பழகன் வீட்டுக் காட்டில் களை எடுத்தும் வெங்காயம் பிடுங்கியும் கழித்தவர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட ஒருவர் தெற்குவெளியில் இருந்த தன் இரண்டு ஏக்கரை விற்கிறார் என்று தெரிந்ததும், அன்பழகன் காதுக்குச் செய்தி எட்டும் முன்னால் இவர்கள் பத்திரம் முடித்துவிட்டார்கள். அய்யம்பெருமாள் அந்த மண்ணில் இரண்டு வெள்ளாமை எடுத்தார். மூன்றாவதுக்கு விதை வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த இரண்டு ஏக்கருக்கு நாலு பக்கமும் அன்பழகன் நிலம். உள்ளே போக ஒரே வழி, பஞ்சாயத்து விட்டிருக்கும் வண்டிப்பாதை. தார் ரோட்டிலிருந்து பிரிந்து, அன்பழகனின் மாட்டுக் கொட்டகை வாசலை உரசிக்கொண்டு, ஒன்றேகால் கிலோமீட்டர் போகும்.

அன்பழகனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சேற்றில் மாட்டிய வண்டியைத் தன் டிராக்டரால் இழுத்துவிட அவர் ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். கொட்டகை வாசலில் பாதையைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போய் நிற்க வேண்டும். அவர் பேப்பர் படித்து முடித்து "என்னடா?" என்பார். அதன்பிறகு கேட்க வேண்டும். அவருடைய அப்பா காலத்திலும் இதுதான் நடைமுறை. அப்போது நாற்காலி மரத்தில் இருந்தது. ஒரு முறை அய்யம்பெருமாள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றார். பெரியவர் குளிக்கப் போயிருந்தார். அவர் குளித்து முடித்து வருவதற்குள் அய்யம்பெருமாளின் நிழல் மேற்கே இருந்தது கிழக்கே போய்விட்டது.

ஊரில் இன்னும் மூன்று டிராக்டர்கள் இருக்கின்றன. மூன்றும் அன்பழகனின் பங்காளிகள் வீட்டில் இருக்கின்றன.

போன கார்த்திகையில் வேல்முருகன் போய் நின்றான். அன்பழகன் அன்றைக்குப் பேப்பரில் டெண்டர் அறிவிப்புகளை எல்லாம் படித்தார். மணமகள் தேவை விளம்பரங்களையும் படித்தார். அவருக்கு ஏற்கெனவே மணமாகி இரண்டு பேரன்கள். கடைசியில், "கேட்டாக் கொறைஞ்சா போயிருவ?" என்று சிரித்துவிட்டு டிராக்டரை அனுப்பினார். வேல்முருகன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன், சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் குத்திக்கொண்டே வாயைத் திறந்தான்.

"செல்வி, சக்கரத்த மாத்தணும்."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு?"

"பெரிய சக்கரமாப் போடணும். அந்தப் பாதையில எவனையும் கேக்காம போயிட்டு வரணும்."

வெற்றிச்செல்வி அவன் மனைவி. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. மாட்டுவண்டி உள்ளே வரவேண்டிய அவசியம் அந்தத் தெருவுக்கு இருக்காது என்று நினைத்து யாரோ எந்தக் காலத்திலோ அளந்து விட்டது. பிக்கப் உள்ளே வரும், திரும்ப இடமில்லை. தினமும் காலையில் முந்நூறு அடி ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும். வேல்முருகனுக்குக் கழுத்து வலி. அதனால் அது வெற்றிச்செல்வியின் வேலை. பெரம்பலூரில் முறையாக லைசென்ஸ் எடுத்தவள். இரண்டு பக்கமும் வாசலில் காயும் வடகத்தில் ஒன்றுகூட மிதிபடாமல், ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் டீ டம்ளருமாகப் பின்னால் வருவாள். வண்டியில் ஒரு ரிவர்ஸ் ஹாரன் உண்டு. ஏதோ ஒரு மெட்டை மூக்கடைத்த குரலில் பாடும். அந்த மெட்டைக் கேட்டுத்தான் தெருவே எழுந்திருக்கும். ஒரு நாள் வண்டி வாடகைக்கு அரும்பாவூர் போய் அங்கேயே தங்கிவிட்டது. அன்றைக்குத் தெருவில் பத்து மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அரியலூர் பைபாஸ் ஓரத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் ஓடிய ஜீப்புகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில் வேல்முருகன் நான்கு சக்கரங்களைப் பிடித்தான். பெரிய டிஸ்க். டயரில் கட்டைவிரல் உயரத்துக்குப் பல்லுப் பல்லாக, வயல் டிராக்டருக்கு இருப்பதுபோல, கூரை வடிவத்தில் வரிகள். மாட்டுவதற்கு நிஜாமுதீன் கடைக்குக் கொண்டுவந்தான். வெற்றிச்செல்வியும் இருசம்மாளும் கூட வந்தார்கள்.

நிஜாமுதீன் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினாறு வருஷம் சவூதியில் டயர் வேலை. இப்போது ஊர் விலக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எனக்கு அங்கே பழைய டயர் அடுக்கின் மேல் நிரந்தரமாக ஓர் இடம் உண்டு. அதனால் அன்று நடந்ததை எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

"போல்ட் பொருந்துது. மட்கார்டு ஓரம் மட்டும் உரசும். அதை அறுத்துரலாம்," என்றார் நிஜாமுதீன்.

"அறுத்தா வண்டி அழகு போயிரும் பாய்," என்றான் வேல்முருகன்.

"சேத்துல நிக்கிற வண்டிக்கு அழகு என்னத்துக்குத் தம்பி? கல்யாணத்துக்கா போவுது?"

அறுத்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு கூட்டினார்கள். நிஜாமுதீன் டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்பியால் நெம்பி டிஸ்க்கில் ஏற்றி, காற்றைப் பிடித்துவிட, 'டப்'பென்று ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர் ஒவ்வொரு முறையும் "வந்துட்டேன்" என்றார்.

வெற்றிச்செல்வி டயரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏன் பாய், இந்த வரி எந்தப் பக்கம் பாக்கணும்? அம்புக்குறி எதாச்சும் இருக்குமாமே?"

"அம்புக்குறியச் சுரங்கத்துக் கல்லு தின்னுருச்சு தங்கச்சி. அதைப் பாத்து மாட்டுற ஆளா நானு? பாலைவனத்து ஓரத்துல கடை. ஒரு நாளைக்கு நாப்பது வண்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானா மாட்டும். நான் மாட்டுன டயரு மணல்ல நின்னுச்சுன்னு ஒரு அரபி வந்து சொன்னதில்ல, மாஷா அல்லாஹ்."

"நம்மூர்ல மணல் இல்லையே பாய்."

"மணல்லயே ஓடுன டயரு மண்ணுல ஓடாதா? நல்லா கேட்ட போ."

இருசம்மாள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவள் வண்டித் தொட்டிக்கு நேராக நின்று தன் உடம்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். தெருவிலிருந்து மூட்டை ஏற்றும் வேலைக்குப் போகும் ஐந்து பெண்களுக்கு அவள்தான் தலைமை.

"ஏன்டா வேலு, முன்ன இந்தத் தொட்டி எனக்கு மார்மட்டுக்கு இருந்துச்சு. இப்பக் கழுத்துக்கு வருது. மூட்டைய எப்புடி ஏத்துறது? ஹெலிகாப்டரு வெச்சா?"

"நாலு வெரக்கடைதான்மா ஒசந்திருக்கு. பலகை போட்டுக்கலாம்."

"அந்த நாலு வெரக்கடைய ஒரு மூட்டையோட நீ தூக்கிப் பாரு, தெரியும். உங்கொப்பன் ஒசரத்துக்கு வண்டி செஞ்சுட்டு எங்கிட்டப் பேசுறான்."

"அந்தப் பாதையில போகணும்னுதான் அத்தே ஒசத்தியிருக்காரு," என்றாள் வெற்றிச்செல்வி.

"எங்க போகணும்னு எனக்குத் தெரியாதா? போகட்டும். எப்புடியாச்சும் ஏத்துறோம். அந்த நாக்காலி முன்னாடி எம்புள்ள நிக்கக் கூடாது. அதுக்காக நான் ஏணி வெச்சே ஏத்துறேன்."

நிஜாமுதீன் தன் காசில் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். இந்த வழக்கத்தில் அவர் எங்களைவிடக் கறார். நான்கு சக்கரத்தடியிலும் ஒவ்வொன்று வைத்தார். வேல்முருகன் வண்டியை முன்னால் எடுத்தான். நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. தார் ரோட்டில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தார்கள். சக்கரம் பெரிதானதால் வேகமுள் ஓடும் வேகத்தைவிடக் குறைத்துக் காட்டியது. முள் நாற்பதில் இருக்கும்போதே வேல்முருகன் ஜெயங்கொண்டம் பஸ்ஸை முந்திவிட்டதாகச் சொன்னான். பஸ் நின்றிருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், சனிக்கிழமை மாலையிலிருந்து கனமழை என்று எல்லார் போனிலும் வந்துவிட்டது.

ஆவணியில் பிடுங்கிய சின்ன வெங்காயம் அவர்களுடைய காட்டில் பட்டறையில் இருந்தது. பட்டறை என்றால், மேட்டுத் தரையில் கல் அடுக்கி, மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டை கட்டி, மேலே கீற்றுப் போட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்படி கட்டுவது. இரண்டு மூன்று மாசம் வெங்காயம் அதில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். சாதாரணத் தூறலைத் தாங்கும். மூன்று நாள் சாய்மழையைத் தாங்காது. உள்ளே ஈரம் ஏறினால் ஒரே வாரத்தில் மொத்தமும் அழுகி நாறிவிடும். முப்பத்தெட்டு மூட்டை. அதில் பாதி அடுத்த நடவுக்கான விதை.

விதை போனால் நிலம் தரிசு கிடக்கும். அன்பழகன் அதையும் யோசித்து வைத்திருந்தார். "வெதைக்காத நெலத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்? எங்கிட்டக் குடுத்துரச் சொல்லு, நல்ல ரேட்டாப் போட்டுத் தரேன்," என்று டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேரில் ஒருவன் நான்.

சனிக்கிழமை விடியற்காலையில் அவர் பாதை ஓரத்து மக்காச்சோளத்துக்கு மோட்டார் போட்டார். மழை வருகிற நாளில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி என்று நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் எப்படியோ உடைந்து, தண்ணீர் முழுக்கப் பாதையில் நின்றது. "எலி பறிச்சிருக்கும்," என்றார். அந்த எலிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்திருந்தது. வெட்டு அவ்வளவு நேராக இருந்தது.

இருசம்மாளும் ஐந்து பெண்களும் மூட்டை பிடிக்க முன்கூட்டியே வரப்பு வழியாக நடந்து போய்விட்டார்கள். எட்டு மணிக்கு வேல்முருகன் வண்டியை எடுத்தான். பக்கத்தில் வெற்றிச்செல்வி. பின்னால் தொட்டியில் நான், இரண்டு தார்ப்பாய்களோடு.

கொட்டகை வாசலில் அன்பழகன் நாற்காலியில் இருந்தார். டிராக்டர் தயாராக நின்றது. இழுக்கிற சங்கிலியைக் காலையிலேயே துடைத்து வைத்திருந்தார்.

வண்டி கம்பீரமாக அவரைக் கடந்தது. இருநூறு அடி போயிற்று. அதற்குப் பிறகு சத்தம் மட்டும்தான் போயிற்று, வண்டி போகவில்லை. பல்லுக்குப் பல் இருந்த சந்தெல்லாம் களிமண் அடைத்து, நான்கு சக்கரமும் நான்கு பெரிய ரவா லட்டு மாதிரி வழவழவென்று நின்ற இடத்தில் சுற்றின. வேல்முருகன் மிதிக்க மிதிக்க வண்டி கீழே இறங்கியது.

அன்பழகன் நாற்காலியை விட்டு எழாமல் குரல் கொடுத்தார்.

"என்னடா வேலு! சக்கரமெல்லாம் மாத்தியிருக்கியாம்!"

"ஆமாங்க."

"பெருசாத் தெரியுது?"

"பெருசுதாங்க."

"சின்னச் சக்கரம்னா டக்குன்னு இழுத்துரலாம். பெருசுக்குக் கொஞ்சம் நேரமாகும். வானம் வேற கறுத்துட்டு வருது. எறங்கி வாடா. ஒரு வார்த்தை கேளு, நான் காசா கேக்குறேன்?"

பாதை ஓரத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தர் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தெற்கே மேகம் கருங்கல் மாதிரி கிடந்தது. வேல்முருகன் இன்ஜினை அணைத்தான். அவன் கை கதவுப் பிடிக்குப் போனது.

"எங்க போறீங்க?" என்றாள் வெற்றிச்செல்வி.

"என்ன செல்வி பண்ணச் சொல்ற? அம்மா அங்க மூட்டை கட்டி வெச்சுட்டு நிக்கும். மழை வந்துரும். ஒரு வார்த்தைதான?"

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான இந்தச் சக்கரத்த வாங்குனீங்க?"

"அதான் நின்னுருச்சே! இப்பச் சக்கரத்தப் பாக்குறதா, வெங்காயத்தப் பாக்குறதா?"

"உக்காருங்க. கொஞ்சம் பின்னாடி எடுத்துட்டு ஒரே மூச்சுல அடிச்சுப் பாப்போம். அப்பறம் எறங்குங்க."

அவன் அலுத்துக்கொண்டே ரிவர்ஸைப் போட்டான். ஹாரன் மூக்கடைத்த குரலில் பாட ஆரம்பித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சந்துகளில் இருந்த மண்ணெல்லாம் கட்டி கட்டியாகத் தெறித்து விழுந்தது. ஒரு கட்டி என் தலைக்கு மேலே போய், போன் வைத்திருந்தவரின் போனோடு சேர்ந்து வயலில் இறங்கியது. வண்டி வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி பின்னால் வந்து கெட்டித் தரையில் நின்றது.

முன்னால் அடித்தார்கள், நின்றது. பின்னால் எடுத்தார்கள், வந்தது. இன்னொரு முறை முன்னால், நின்றது. பின்னால், வந்தது.

வெற்றிச்செல்வி கீழே இறங்கிச் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிஜாமுதீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாய், வண்டி முன்னாடி ஒரு அடி போக மாட்டேங்குது. பின்னாடி பறக்குது. என்ன பண்ணி வெச்சீங்க?"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, அந்த வரியோட கூர் மூக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

"மேல நிக்கிற வரியப் பாத்தா பின்னாடி பாக்குது."

"யா அல்லாஹ்! பழக்கத்துல மணலுக்கு மாட்டுற மாதிரி மாட்டிட்டேம்மா. மணல்ல பல்லு தோண்டக் கூடாது. தோண்டுனா வண்டி எறங்கிரும். அதனால அங்க திருப்பி மாட்டுவோம். நம்ம சேத்துக்கு அது ஆவாது, இங்க தோண்டித் தோண்டி வெளிய தள்ளணும். என்னைய மன்னிச்சுரும்மா. வண்டியக் கொண்டாங்க. ரெண்டு மணி நேரத்துல நாலையும் கழட்டி மாத்தித் தரேன்."

"ரெண்டு மணி நேரத்துல மழை வந்துரும் பாய்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். பின்னாடி போனா நல்லாப் போவுதுல்ல?"

"அது பேயாப் போவும். ஆனா ஒன்னேகால் கிலோமீட்டரு…"

அவள் போனை அணைத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்.

"எறங்குங்க. உங்களுக்குக் கழுத்து வலி. பின்னாடி தொட்டியில ஏறி அவரோட நில்லுங்க."

வேல்முருகன் அவளைப் பார்த்தான். அப்புறம் கொட்டகையைப் பார்த்தான். இறங்கினான், ஆனால் கொட்டகைப் பக்கம் போகவில்லை. தொட்டியில் ஏறி என் பக்கத்தில் நின்றான்.

அவள் தார் ரோட்டுக்குப் போய் வண்டியைத் திருப்பினாள். வண்டியின் முதுகு பாதையைப் பார்த்தது, முகம் ரோட்டைப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு முறை பாதையை அளந்தாள். ரிவர்ஸைப் போட்டாள். ஹாரன் பாடியது.

நான் எவ்வளவோ வண்டியில் போயிருக்கிறேன். அன்றைக்குப் போனதுபோல் போனதில்லை. வண்டி சேற்றை இரண்டு பக்கமும் வாரி வாரி இறைத்துக்கொண்டு, கொட்டகையைக் கடந்து, உடைந்த வாய்க்காலைக் கடந்து, ஒரே சீராகப் பின்னால் போனது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னால் போகிற வண்டியில் ஒருவரைத் தாண்டிவிட்டால் அவருக்கு நம் முதுகுதான் தெரியும். இதில் தாண்டியபிறகுதான் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். அன்பழகன் நாற்காலியில் இருந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனார். வெற்றிச்செல்வி கண்ணாடியைப் பார்க்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

பட்டறையில் பெண்கள் மூட்டையெல்லாம் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். முதலில் மெட்டுதான் அவர்களுக்குக் கேட்டது. விடிந்து இவ்வளவு நேரமாயிற்று, மறுபடி விடிகிறதா என்று ஒருத்தி கேட்டாளாம். வண்டி தொட்டியைக் காட்டிக்கொண்டு வந்து, பட்டறை மேட்டை ஒட்டி நின்றது. மேட்டுத் தரையும் தொட்டித் தரையும் ஒரே மட்டம். தூக்க வேண்டிய வேலையே இல்லை. மூட்டையை உருட்டினால் தொட்டிக்குள் போனது. இருசம்மாள் மேட்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்புடி பின்னாடி வரத் தெரிஞ்சுதான் சக்கரத்த ஒசத்துனியாடா?"

"ஆமாம்மா," என்றான் வேல்முருகன். நான் சொல்லும் எந்தப் பொய்யும் அதன் பக்கத்தில் நிற்காது.

முதல் நடைக்குப் பத்தொன்பது மூட்டை ஏறியது. அவசரமாக ஆளுக்கொரு கை எலுமிச்சைச் சோறு. சக்கரத்துக்கு வாங்கிய எலுமிச்சையில் மிஞ்சியதைப் பிழிந்தது என்று இருசம்மாள் சொன்னாள். மேட்டைச் சுற்றிக் கொஞ்சம் சுக்கான்கல் கலந்த கெட்டித் தரை உண்டு. அதில் வண்டியைத் திருப்பி, மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிச்செல்வி ரோட்டுக்குக் கிளம்பினாள். மூட்டைகளின் உச்சியில் இருசம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாரம் ஏறியதும் பல் இன்னும் நன்றாகப் பிடித்தது.

கொட்டகை வரும்போது அன்பழகன் நாற்காலியை விட்டு எழுந்து பாதை ஓரத்தில் நின்றார். நாற்காலியை விட்டு அவர் அப்படி எழுந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஏம்மா! நில்லு! பஞ்சாயத்துல பாதை விட்டிருக்கிறது நேராப் போகத்தான். ரிவர்ஸ்ல போறதுக்கா? யாரக் கேட்டு நீ ரிவர்ஸ்ல போற?"

வெற்றிச்செல்வி கெட்டித் தரை வரும்வரை நிறுத்தவில்லை. அங்கே நிறுத்தி, ஜன்னல் வழியாக மரியாதையாகச் சொன்னாள்.

"கண்ணாடியக் கேட்டேங்க. வழி இருக்கு, வாங்கன்னு சொல்லுச்சு."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். சிரிப்பை அடக்கினால் எங்கள் ஊரில் இருமல்தான் வரும். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேருக்கும் இருமல்.

"இதெல்லாம் நல்லதுக்கில்ல," என்றார் அன்பழகன். "நாளைக்கு மாட்டுனா இந்தச் சங்கிலிக்குத்தான் வரணும்."

மூட்டை மேலிருந்து இருசம்மாள் குனிந்து அவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் வேலைக்கு நின்ற காலத்தில், நடக்க மாட்டேன் என்று அழுத அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு இதே பாதையில் போனவள் அவள். இத்தனை வருஷமும் அவரை "சின்னய்யா" என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"தம்பி," என்றாள். "நாளைக்கு மாட்டுனா நாங்களே தோண்டி எடுத்துக்கறோம். சங்கிலியத் தொடச்சு உள்ள வைங்க, மழையில துருப்புடிச்சுரும். காலையும் ஓரமா வெச்சுக்கங்க. இது பெரிய சக்கரம்."

அன்பழகன் காலை ஓரமாக வைத்துக்கொண்டார்.

ரோட்டோரம் மூட்டைகளை இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இரண்டாம் நடைக்குப் போனார்கள். இந்த முறை காற்று கிளம்பிவிட்டது. மக்காச்சோளத் தட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. மிச்சப் பத்தொன்பது மூட்டையும், ஐந்து பெண்களும், பிரித்த பட்டறைக் கீற்றும் ஏறின. வெற்றிச்செல்விக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அதை இந்தப் பக்கம் திருப்ப வேல்முருகன் விளக்கெண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. பின்சக்கரம் தார் ரோட்டில் ஏறும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. முன்சக்கரம் ஏறும்போது எதிரில் கொட்டகையே தெரியவில்லை, அவ்வளவு மழை. நாற்காலி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அது காலியாக இருந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. முப்பத்தெட்டு மூட்டையும் வேல்முருகன் வீட்டிலும் தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் காய்ந்த தரையில் பரப்பப்பட்டுக் கிடந்தன. அந்த வாரம் தெருவில் எல்லார் வீட்டுக் குழம்பும் ஒரே வாசனை. நாலாம் நாள் நிஜாமுதீன் ஜாக்கியும் வீல் ஸ்பேனருமாகத் தெருவுக்கே வந்துவிட்டார். கூடவே வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய இடியாப்பம், பிராயச்சித்தமாம்.

"தங்கச்சி, நாலையும் நானே ஓசியில மாத்திக் குடுத்துட்டுப் போறேன். எனக்குத் தூக்கமே இல்ல. பதினாறு வருஷத்துல இப்புடி ஒரு தப்புப் பண்ணதில்ல."

"எதுக்குப் பாய் மாத்தணும்?"

"பின்ன? காலம்பூரா அந்தப் பாதையில பின்னாடியேவா போவ?"

வெற்றிச்செல்வி இருசம்மாளைப் பார்த்தாள். இருசம்மாள் வெங்காயச் சருகை முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தார் ரோட்டுல எப்புடிப் போட்டாலும் ஓடுதுல்ல பாய்? அந்தப் பாதையில மட்டும் இப்புடியே போவட்டும். இவ மாமனாரு அந்த வாசலைத் தாண்டுறப்பத் தரையப் பாத்துக்கிட்டே போவாரு. இவ அங்கயே பாத்துக்கிட்டுப் போறா. எனக்கு இது நல்லாருக்கு."

நிஜாமுதீன் நான்கு சக்கரத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஜாக்கியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "அப்ப ஸ்டெப்னிக்கும் இதே மாதிரி ஒண்ணு பாத்து அதே பக்கம் மாட்டித் தரேன்," என்றார்.

இன்றைக்கும் அந்தச் சக்கரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டு ஏக்கரிலும் வெங்காயம் நட்டாயிற்று. உரம் போவதும் ஆள் போவதும் ரிவர்ஸில்தான். கொட்டகையில் கட்டியிருக்கும் எருமை அந்த மெட்டைக் கேட்டால் தானாக இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொள்கிறது; நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். அன்பழகன் வழக்கம்போல் காலையில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நாற்காலியை மட்டும் இப்போது கொட்டகையைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.